தடவிக்கொடுக்காத தொட்டிகள்

ஏப்ரல் 7

நாடு கடத்தப்பட்டேன். கோவில்பட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கு, பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை.

குற்றம் இதுதான்: அம்மா "ஏட்டி கோமு, காது கேக்கா இல்லையா!" என்று கத்துவதைப் பதிவு செய்து அப்பாவின் போனில் ரிங்டோனாக வைத்தேன். அப்பா அதைத் துட்டிக்குப் போன சாவு வீட்டில் வைத்துத்தான் தெரிந்துகொண்டார். படுத்திருந்தவரைத் தவிர எல்லோரும் எழுந்துவிட்டார்களாம்.

"உங்க அக்கா ஒருத்திதான் ஒன்னயக் கட்டி மேய்ப்பா" என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். ஆகவே வடவள்ளி, ஒரு மாடி போர்ஷன், செண்பகவல்லி அக்கா. எங்கள் ஊர் அம்மன் பெயர் அவளுக்கு, சங்கரன்கோவில் அம்மன் பெயர் எனக்கு. வீட்டில் இரண்டு அம்மன். அதனால்தான் அப்பா இவ்வளவு சாந்தமாக இருக்கிறார் போல.

என்னைப் பார்த்ததும் அக்கா தலையைத் தடவ வந்தாள். குனிந்து தப்பித்தேன். எட்டு மணிநேரப் பயணத்தில் கலையாத முடியை இவள் கலைப்பதா?

இந்த டைரி அவள் பேராசிரியருக்கு ஒரு விதைக் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உழவுக் குறிப்பு உண்டு. இன்றைக்கு: "வரப்பில் எலிவளை கண்டால் உடனே அடைக்கவும்." வந்த முதல் நாளே என்னைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 8

அக்கா ஐந்து வருஷமாக உளுந்துக்கு டாக்டராகப் படிக்கிறாள். உளுந்துக்கு என்ன நோய் என்று கேட்டேன். முறைத்தாள். பிறகு உட்கார வைத்து விளக்கினாள். எனக்குப் புரிந்தது இவ்வளவு:

ஒரு தெரு இருக்கிறது. தெருவில் ஆயிரக்கணக்கான வீடுகள். வீடு ஒன்றுக்கு ஒரு மரபணு. தண்ணீர் வராத நாளில் எந்த வீட்டு விளக்கு எரியும்போது கூடவே எந்தெந்த வீட்டு விளக்கு எரிகிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறாள். சேர்ந்தே எரிகிற வீடுகளுக்கு நடுவே கோடு போடுகிறாள். கோடெல்லாம் சேர்ந்தால் வலை. அதாவது யாருக்கு யாரோடு பழக்கம் என்று விளக்கை வைத்தே கண்டுபிடிப்பது. எங்கள் தெருவில் இதற்கு வம்பு என்று பெயர். இங்கே டாக்டர் பட்டம்.

வலையின் நடுவில் ஒரு வீடு. அதிலிருந்து நாலாபக்கமும் கோடு, சிலந்தி மாதிரி. அதன் பெயர் பஸ் டிக்கெட் நம்பர் போல நீளமாக இருந்தது.

"இதுக்கும் வறட்சிக்கும் இருக்கிற தொடர்ப உலகத்துலயே யாரும் இதுக்கு முன்னாடி சொன்னதில்ல, கோமு. இது மேலதான் என் மூணாவது அத்தியாயம் நிக்குது. அது நின்னா தீசிஸ் நிக்கும்."

இவ்வளவு பெரிய மனிதரை நம்பர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை. ஊரில் எல்லோரோடும் சம்பந்தப்பட்டவர். எனவே 'சம்பந்தம்' என்று பெயர் வைத்தேன்.

"கிண்டல் பண்ணாதட்டி" என்றாள் அக்கா. ஆனால் பத்து நிமிஷம் கழித்து, கணினியைப் பார்த்தபடியே, "சம்பந்தத்தோட கோட்ட மட்டும் சிவப்பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 10

செடிகளை நேரில் சந்தித்தேன். பல்கலைக்கழகத்தில் அக்காவின் துறைக்குப் பின்னால் பச்சை வலைக் கொட்டகை. ஒரு பக்கம் தண்ணீர் குறைத்து வளர்க்கப்படும் தொட்டிகள். மறுபக்கம் நன்றாகத் தண்ணீர் விட்டவை, ஒப்பிட்டுப் பார்க்க. நான் வைத்த பெயர்கள்: தாகக்காரர்கள், குடிகாரர்கள். மாலைக்குள் ஆய்வுக்கூடமே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. அக்காவோடு ஆய்வு செய்கிற பர்வீன் அக்கா பொள்ளாச்சிக்காரர். "ஏங் கண்ணு, இத்தன நாளா எங்கிருந்தே நீ?" என்று எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

குடிகாரர்களுக்கு வேலையே இல்லை. அடியில் தட்டு, தட்டில் தண்ணீர், உறிஞ்சிக்கொண்டு ஜாலியாக நிற்கிறார்கள். தாகக்காரர்களைத்தான் தினமும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தராசில் வைத்து, குறைந்த அளவு பார்த்துத் துளித்துளியாகத் தண்ணீர் விட வேண்டும்.

விட்டுவிட்டுச் சும்மா வருவாளா அக்கா? வாடின இலையை அடியிலிருந்து நுனிவரை இரண்டு விரலால் தடவிக்கொடுக்கிறாள். "இன்னும் கொஞ்ச நாள்தாம்மா. பொறுத்துக்க என்ன?" காய்ச்சல் வந்தால் அம்மா எங்கள் நெற்றிப் பொட்டிலிருந்து தலைமுடிவரை தடவுவாளே, அதே இரண்டு விரல், அதே நிதானம்.

"செடிக்கு மன்னிப்பு கேக்கியா?"

"தண்ணி குடுக்காம கொடுமப்படுத்துதேன்லா. பாவம்ட்டி."

தினமும் ஒரு வரிசை முழுக்க. ஒன்று விடாமல்.

ஏப்ரல் 13

அக்காவின் விளக்கப்படங்களில் அந்த நம்பர் வரும் இடத்தில் எல்லாம் 'திரு. சம்பந்தம்' என்று மாற்றி வைத்தேன். ஒத்திகையில் அது பேராசிரியர் முன்னால் திரையில் வந்தது. இம்மானுவேல் ஜெயசிங் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்து, "திரு எதுக்கும்மா, இவரு என்ன ரிட்டயர்டு தாசில்தாரா?" என்றாராம்.

இரவுச் சாப்பாட்டில் எனக்கு அப்பளம் இல்லை.

ஏப்ரல் 16

அக்கா நெதர்லாந்து போகப்போகிறாளாம். செப்டம்பரில். அங்கே ஒரு பெண் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருஷ வேலை. ஜூலைக்குள் தீசிஸ் கொடுத்துவிட்டால் இடம் உறுதி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முன்பே தெரியுமாம். எனக்கு மட்டும் பரீட்சை முடியட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தார்களாம்.

நல்லதுதான். இந்தப் பெரிய தலையணை எனக்கே எனக்கு.

கோயம்புத்தூரில் கல்லூரி சேரலாம் என்று நான் நினைத்திருந்தது சிறுவாணித் தண்ணீருக்காக மட்டுமே. அது இங்கேயேதான் இருக்கும். எங்கும் போகாது.

ஏப்ரல் 19

24ஆம் தேதி அக்கா பிறந்தநாள். மாபெரும் திட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் உதவி செய்கிற சாக்கில் கொட்டகைக்குப் போய், தராசுக்குப் பின்னால் போனைச் சாய்த்துவைத்து அவளைப் படம் எடுக்கிறேன். செடிகளுக்கு நான் குரல் கொடுப்பேன். தாகக்காரர்களுக்கு எங்கள் தமிழ் மிஸ் குரல். குடிகாரர்களுக்கு அப்பா தீபாவளியன்று எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு பேசும் குரல்.

அக்கா: "இன்னும் கொஞ்ச நாள்தாம்மா."

தாகக்காரர்: "இதையே அஞ்சு வருஷமா எங்க தாத்தாட்டயும் சொன்னியாமே!"

நானே சிரித்து நானே இருமினேன். அக்கா எட்டிப் பார்த்தாள். வேதியியல் பரீட்சையை நினைத்துச் சிரிக்கிறேன் என்றேன். அது சிரிக்கிற விஷயமில்லை என்று எனக்கும் தெரியும். உடனே தலையைத் தடவ வந்தாள். எதற்கு என்று தெரியவில்லை. ஓடிவிட்டேன்.

ஏப்ரல் 24

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆய்வுக்கூடத்தில் கேக் வெட்டினோம். பர்வீன் அக்கா பிரியாணி கொண்டுவந்திருந்தார். சாருக்குக் காரம் ஆகாது, தயிர்ப்பச்சடியைச் சாதம் மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வீடியோவைப் பெரிய திரையில் போட்டேன்.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. பர்வீன் அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டார். அக்கா முகத்தை மூடிக்கொண்டு "குரங்கு! குரங்கு!" என்றாள். குடிகாரர் ஒருவர் பக்கத்து வரிசையில் நிற்கும் அக்காவைப் பார்த்து, "எங்கள மட்டும் ஏன் ஒருநாளும் தடவ மாட்டேங்குற? நாங்க என்ன வேத்து சாதியா?" என்று கேட்கும் இடம் வந்தது. நான் எழுதிய வசனங்களில் எனக்கு மிகவும் பிடித்தது.

சார் சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"கோமதி, அந்த எடத்த இன்னொரு தடவ போடு."

போட்டேன். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"செண்பகம், நீ இந்தப் பக்கத் தொட்டியத் தொடறதே இல்லையா?"

"இல்ல சார். அதுங்களுக்குத் தட்டுலதானே தண்ணி. தொட வேண்டிய வேலையே இல்ல."

"இந்தப் பக்கம் தினமும் தடவுற."

"சும்மாதான் சார். வாடிக் கெடக்குதேன்னு..."

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ வளத்தப்பவும்?"

அக்கா கையில் கேக் தட்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல மேஜையைப் பார்த்தாள். "எப்பவும் இப்படித்தான் சார்" என்றாள்.

பர்வீன் அக்காவின் சிரிப்பும் போய்விட்டது. எனக்கு மட்டும்தான் என்ன நடக்கிறது என்று புரியவில்லை. வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. என் குரலில் செடிகள் பேசிக்கொண்டே இருந்தன. நான்தான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

ஏப்ரல் 25

பர்வீன் அக்கா எனக்குப் புரியும்படி சொன்னார். செடிக்குத் தொட்டால் தெரியுமாம். காற்று அடித்தால், பூச்சி நடந்தால், விரல் பட்டால் உள்ளே சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளுமாம். மற்ற செடிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். சம்பந்தத்தின் ஒன்றுவிட்ட உறவுக்காரர்கள் சிலரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களாம்.

என் தெருக் கணக்கில் சொன்னால்: விளக்கெல்லாம் எரிந்தது தண்ணீர் வராததால் இல்லை. யாரோ தினமும் போய்க் கதவைத் தட்டினார்கள். தட்டியது என் அக்கா.

"இருக்கலாம்னுதான் சொல்றேன் கண்ணு. இன்னும் தெரியாது" என்றார் பர்வீன் அக்கா. பிறகு அக்காவைப் பார்த்து, குரலைத் தணித்து, "செம்பா, இது நம்ம நாலு பேருக்குத்தான் தெரியும். எக்ஸாமினருக்கு வீடியோவா அனுப்பப் போறோம்?" என்றார். கெட்டவர் இல்லை. அக்கா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்பதால் சொன்னார்.

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் அவள் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்து, "வீடியோவ அழிச்சிட்டேன்" என்றேன். உண்மையாகவே அழித்திருந்தேன். அவ்வளவு உழைப்பு.

"நான் தடவுனத எப்படிட்டி அழிப்ப?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பக்கத்தின் அடியில்: "களை எடுக்க உகந்த நாள்." வாயை மூடு, விதைக் கம்பெனியே.

ஏப்ரல் 28

அக்கா இன்று எழுந்து தலைகுளித்து என்னையும் இழுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனாள்.

"திருப்பி வளக்கணும் சார். நாலு விதமா. தாகம் இருந்து தடவுனது, தாகம் இருந்து தடவாதது, தண்ணி குடிச்சுத் தடவுனது, தண்ணி குடிச்சுத் தடவாதது."

"யோசிச்சுச் சொல்லுதியா? சம்பந்தம் கைவிட்டுட்டாருன்னா மூணாவது அத்தியாயம் போச்சு. ஜூலைக்குள்ள முடியாது. அந்த அம்மா ஒனக்காக அங்க இடத்த வச்சிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க."

"தெரியும் சார்."

சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நல்லது. நீ சொல்லலைன்னா நான் சொல்லணும்னு நாலு நாளா தொண்டைல வச்சிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆனா யாரு தடவுறது? நீ கொட்டகைக்குள்ள போவக்கூடாது. போனா தடவாத வரிசையையும் தடவிருவ."

"மாட்டேன் சார்."

"தடவுவ."

"தடவுவா சார்" என்றேன் நான்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒனக்கு இந்தச் செடிக மேல பாசம் உண்டா?" என்று கேட்டார் சார்.

"இட்லியான பிறகுதான் சார் உண்டு."

"தகுதி இருக்கு" என்றார்.

மே 1

விதைத்தாயிற்று. தொட்டிகளில் நான்கு நிறப் பட்டை. முளைத்து இலை விட்டதும் என் பணி தொடங்கும்: மஞ்சள் பட்டை, நீலப் பட்டை இரண்டையும் தினம் காலையில் தடவ வேண்டும். வெள்ளை (தாகக்காரர்), கறுப்பு (குடிகாரர்) இரண்டையும் தொடவே கூடாது. தூக்கினாலே இலை உரசும் என்பதால் தராசும் இனிமேல் கிடையாது, மண்ணில் குத்தி ஈரம் பார்க்கும் ஒரு கருவி வந்திருக்கிறது. இலையில் சட்டை உரசக்கூட விடாமல் போய்வர வேண்டும்.

அக்காவுக்கு வலைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அதில் 'பார்வையாளர் நேரம்: எப்போதும்; உள்ளே அனுமதி: எப்போதுமில்லை' என்று எழுதி ஒட்டினேன். ஒரு வாரமாகச் சிரிக்காதவள் லேசாகச் சிரித்தாள்.

மே 8

ரிசல்ட். பாஸ். வேதியியலில் நான் பயந்த அளவுக்கு மோசமில்லை, ஆசைப்பட்ட அளவுக்கு நன்றாகவும் இல்லை. அம்மா போனில் அழுதாள், எதற்கு என்று அவளுக்கே தெரியாது. "அக்காவ ஒழுங்காப் பாத்துக்கட்டி" என்றாள். என்னை மேய்க்கத்தானே அனுப்பினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ரிசல்ட் பார்க்கும் முன்னால் அக்கா பின்னால் வந்து நின்று என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். முடிந்த பிறகுதான் கவனித்தேன். ஒரு பக்க முடி முழுக்கக் கலைந்திருந்தது.

மே 21

தொழில்முறைத் தடவுநர் கோமதியின் ஒரு நாள்:

காலையில் போய்க் கையுறை போட்டு இலையின் அடியிலிருந்து நுனிவரை. எல்லா இலைக்கும் ஒரே வேகம், ஒரே அழுத்தம். அன்பு கலக்கக் கூடாது என்பது சார் உத்தரவு. அக்கா வெளியே வலையில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறாள். மூக்கில் பச்சைக் கட்டம் விழுந்திருக்கிறது.

"கோமு, வெள்ளப் பட்டையில கடைசித் தொட்டி தல தொங்குது பாரு."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"ஒரே ஒரு தடவ மட்டும்..."

"வெள்ளப் பட்டையத் தடவக்கூடாது. நீ எழுதுன சட்டம்."

"பாவம்ட்டி அது."

"அக்கா, போயி நாற்காலில உக்காரு. இல்லன்னா சாரக் கூப்பிடுவேன்."

உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கப் போன முதல் நாள் அவள்தான் ஜன்னலுக்கு வெளியே நின்று எனக்கு இதே மாதிரி சைகை காட்டிக்கொண்டிருந்தாள் என்று அம்மா சொல்வாள். எனக்கு நினைவில்லை. நினைவில்லாததை எதற்கு எழுதுகிறேன்?

மே 29

கோயம்புத்தூரிலேயே கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டேன். பாடம் தாவரவியல். வேறு எதிலும் இடம் கிடைக்காது என்பதால்தான். அக்கா படிவத்தைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு அப்பளம் பொரித்தாள்.

ஜூன் 2

அக்கா இன்று காய்ச்சலென்று வரவில்லை. பர்வீன் அக்கா ஊருக்குப் போயிருக்கிறார். கொட்டகையில் நான் மட்டும்.

வெள்ளைப் பட்டையையும் சேர்த்துத் தடவிவிட்டால் யாருக்கும் தெரியாது. நாலு வகையும் ஒரே குழம்பாகிவிடும். ஒன்றும் புரியாது. மறுபடி விதைக்க வேண்டும். ஜூலை போய்விடும். செப்டம்பர் போய்விடும். நெதர்லாந்து வேறு யாரையாவது வைத்துக்கொள்ளும்.

ஒரு தகவலாகத்தான் எழுதுகிறேன்.

டைரியின் இன்றைய குறிப்பு: "நீர் பாய்ச்சும்போது மடை மாறாமல் பார்த்துக்கொள்ளவும்."

ஜூன் 3

நேற்று மஞ்சளையும் நீலத்தையும் மட்டும்தான் தடவினேன். ஒவ்வொன்றாக, சரியாக. வெள்ளையின் பக்கத்தில் போனபோது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

ஜூன் 7

இலை வெட்டி, உறைய வைத்து, அரைத்து, என்னென்னவோ செய்கிறார்கள். என் வேலை முடிந்தது. வெள்ளைப் பட்டை கடைசித் தொட்டி உயிரோடுதான் இருந்தது, இலை வெட்டிய பிறகும். ஆய்வு முடிந்ததால் இனி தொடலாம் என்றார் சார். அக்கா போய் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீரை முழுக் குவளை ஊற்றினாள். மடமடவென்று மண் குடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

நான் திரும்பி நின்றுகொண்டேன். கண்ணில் உரத்தூள் ஏதோ பட்டுவிட்டது.

ஜூன் 19

முடிவு வந்துவிட்டது.

தடவிய தொட்டிகளில் எல்லாம் சம்பந்தம் விழித்திருக்கிறார், தாகக்காரரானாலும் குடிகாரரானாலும். தடவாத தாகக்காரர்களில் நிம்மதியாகத் தூங்குகிறார். தாகத்துக்கும் சம்பந்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த வாக்கியத்துக்காக நான் ஏப்ரலிலிருந்து காத்திருந்தேன் என்று நினைத்தால் தவறு. சொல்லிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை, நானும்தான்.

அக்கா சம்பந்தத்தையும் அவரோடு விழிக்கும் கூட்டத்தையும் வலையிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி கணக்குப் போடச் சொல்லிக் கணினியை ஓடவிட்டாள். அது இரண்டு நாள் ஓடும். நாங்கள் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"போவ முடியலைன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"ஒன்கூட இருப்பேன். நீ இங்கதான காலேஜு."

நான் கடலைமிட்டாயைக் கடித்தேன். மிகச் சத்தமாகக் கடித்தேன்.

ஜூன் 21

புது வலை வந்தது. அந்தப் பெரிய சிலந்தி போய்விட்டது. மிச்சம் இருப்பது சின்னஞ்சிறு கூட்டம். நடுவில் யாரும் இல்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று கோடு. யாரும் யாருக்கும் தலைவர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"அசிங்கமா இருக்குல்லா?" என்றாள் அக்கா.

சார் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். "சின்னதா இருக்கு. ஆனா இதுல ஒன் வெரல் இல்ல" என்றார். "இத மூணாவது அத்தியாயமா வையி. நாலாவதா நீ தடவுன கதைய எழுது. ஊரு ஒலகத்துல எத்தன பேரு செடியத் தூக்கித் தூக்கி வச்சிட்டு வறட்சின்னு எழுதியிருக்கான்னு அவனவன் போயிப் பாக்கட்டும்."

அக்கா நெதர்லாந்து அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். தடவியது, வீடியோ, சம்பந்தம், எல்லாம். 'அனுப்பு' பொத்தானை என்னை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன்.

ஜூன் 24

பதில் இல்லை.

ஜூன் 26

பதில் இல்லை. நான் அவள் அஞ்சலை அடிக்கடி திறந்து பார்ப்பது அவளுக்காகத்தான்.

ஜூன் 27

வந்துவிட்டது. ஒரு மாதம் தள்ளிச் சமர்ப்பித்தாலும் பரவாயில்லையாம், இடம் அக்காவுக்குத்தானாம். தன் ஆய்வுக்கூடத்தில் செடிகளைத் தொடுகிறவர்கள் யார் யார் என்று நேற்று ஒரு கூட்டம் போட்டுக் கேட்டாராம், மூன்று பேர் தலையைக் குனிந்தார்களாம். கடைசி வரியில், அந்த வீடியோ கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

அழித்துவிட்டேனே!

அக்கா குதித்தாள், பர்வீன் அக்கா குதித்தார், நானும் குதித்தேன். நன்றாகத்தான் குதித்தேன். சாட்சிகள் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 14

தீசிஸ் கொடுத்தாயிற்று. தடித்த நீல அட்டை, தங்க எழுத்து. நன்றியுரைப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது: 'என் தங்கை கோமதி, ஒரு தொட்டியையும் தேவையில்லாமல் தொடாததற்காக.'

இதை எல்லோரும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஜூன் இரண்டாம் தேதி என்னைக் கொட்டகையில் தனியே விட்ட காய்ச்சல் அவளுக்கு எவ்வளவு இருந்தது என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 30

பீளமேடு விமான நிலையம். அம்மாவும் அப்பாவும் முதல்நாளே வந்துவிட்டார்கள். அக்கா பெட்டிக்குள் அம்மா வைத்தது இட்லிப்பொடி, கருவாடு, மூன்று கிலோ உளுந்து. "அங்க உளுந்து கெடைக்காதுல்லா?" அக்காவால் இனி உளுந்தின் முகத்தைப் பார்க்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. சார் வந்திருந்தார், கையில் விதைக் கம்பெனியின் இன்னொரு டைரி. பர்வீன் அக்கா அழுது முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "உனக்கு நானிருக்கேன் கண்ணு" என்றார். எனக்கு என்ன குறை? எதற்கு இதையெல்லாம் என்னிடம் சொல்கிறார்கள்?

நான் தயாராக வந்திருந்தேன். அக்கா பெட்டியில் 'உள்ளே அனுமதி: எப்போதுமில்லை' அட்டையை ஒட்டினேன். உள்ளே ஒரு ரப்பர் பல்லியும் உண்டு, அதை அவள் ஆம்ஸ்டர்டாமில் சந்திப்பாள். அப்பாவின் போன் அடித்தது: "ஏட்டி கோமு, காது கேக்கா இல்லையா!" வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். அப்பா இன்னும் மாற்றவில்லை. எப்படி மாற்றுவது என்று தெரியவில்லையாம். ஐந்து மாதமாக.

உள்ளே போகும் முன் அக்கா என் முன்னால் வந்து நின்றாள். இரண்டு விரல், நெற்றிப் பொட்டிலிருந்து தொடங்கி, அடியிலிருந்து நுனிவரை.

"ஏய், நான் குடிகாரர் வரிச. காலைலயே ஒரு பாட்டில் தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். என்னத் தடவக்கூடாது" என்றேன்.

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள். இன்னொரு முறை தடவினாள். "இன்னும் கொஞ்ச நாள்தாம்மா. பொறுத்துக்க என்ன?"

நான் குனியவில்லை. கூட்டம், குனிய இடமில்லை.

வடவள்ளிக்குத் திரும்பி வந்து கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு பக்க முடி முழுக்கக் கலைந்து நிற்கிறது. சீப்பை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். கல்லூரி நாளைக்குத்தானே.